ஊசி நிற்கத் துணி நடக்கும்

சென்ற ஆவணியில் எமது அன்னையாரின் ஆண்டுத் திவசம் முடிந்த மறுநாள் அவருடைய அலுமாரியைத் திறந்தோம். பட்டுச் சேலைகளை உறவினர் முன்னமே பகிர்ந்துகொண்டனர். எஞ்சியிருந்தவை ஆறு நூற்சேலைகள். அவற்றைக் கேட்பார் எவருமிலர். ஆறனுள் இரண்டு மருதமுனைத் தறியில் நெய்யப்பட்டவை. பாண்டிருப்பிலிருந்து குடையைப் பிடித்துக்கொண்டு நடந்தே போய், நெசவுகாரர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, கரையை விரலால் நெருடிப் பார்த்து, அரை மணிநேரம் விலை பேசி அவர் வாங்கியவை அவை. பல்லாண்டு தோய்த்துத் தோய்த்து உலர்த்தியதால் நூலின் முறுக்கெல்லாம் தளர்ந்து, தொட்டால் கைக்கு இதமாயிருந்தன.

அன்றிரவு கனடாவிலிருந்து எமது தங்கை தொலைபேசியில் அழைத்தாள். "அக்கா, அந்தச் சீலைகள ஒருத்தருக்கும் குடுத்திராதிங்க" என்பதே அவள் முதல் வார்த்தை. அவள் மகளுக்கு, அதாவது எமது பெறாமகளுக்கு, தை மாதத்தில் குழந்தை பிறக்கவிருந்தது. பூட்டியின் சேலைகளை வெட்டி இணைத்து அந்தக் குழந்தைக்கு ஒரு விரிப்புத் தைத்து அனுப்பவேண்டும் என்றாள். தொட்டிலுக்கன்று. அந்நாட்டு வைத்தியர்கள் முதலாண்டில் குழந்தையின் தொட்டிலிலே தளர்ந்த போர்வை எதையும் இடலாகாது என்கிறார்களாம். குப்புறக் கிடந்தும் தவழ்ந்தும் விளையாடுதற்கு நிலத்தில் விரிக்கும் விரிப்பே வேண்டியது.

மேல்நாட்டார் இதனைக் குயில்ட் என்பர். துணிக் கண்டங்களை இணைத்து மேற்படை ஒன்று ஆக்கி, நடுவே பஞ்சுப் படையையோ பழைய பருத்திப் போர்வையையோ இட்டு, அடியில் மற்றொரு துணியை வைத்து, மூன்றும் விலகாதபடி பரப்பு முழுவதும் தைத்தெடுப்பது அது. அவ்வாறு தையாது விட்டால் இரண்டாம் முறை தோய்க்கும்போதே நடுப்படை சுருண்டு மூலையில் திரண்டுவிடும். கச்சான் காற்றில் வெந்து கிடக்கும் எமது கரையிலே ஒட்டுப்போர்வைக்குத் தேவை குறைவு. அதனால் அதனைத் தைக்கும் பழக்கமும் இங்கே பெரிதாக வேரூன்றவில்லை. வங்கத்துப் பெண்கள் பழஞ்சேலைகளை அடுக்கி ஓட்டுத்தையலிட்டுக் காந்தா என்னும் விரிப்புகளைச் செய்வதும், கன்னட நாட்டில் வாழும் சித்தி இனப் பெண்கள் கந்தற்துணிகளைக் கொண்டு கவுந்தி என்னும் போர்வைகளைத் தைப்பதும் நாம் நூல்களிற் படித்தறிந்தவையே. அவை கையால் தைப்பவை. எமக்கோ தை மாதம் கண்முன் நின்றது. அன்னையார் பயன்படுத்திய பழைய சிங்கர் மிதிபொறி விறாந்தையில் இருந்தது. அதிலேயே தைத்துவிடலாம் என்று துணிந்தோம்.

நேர்கோட்டிலே தைத்திருந்தால் இக்கட்டுரைக்கு இடமிருந்திராது. ஆனால் படங்களிற் கண்ட விரிப்புகளிலே கொடி போலும் அலை போலும் வளைந்து வளைந்து ஒரே கோடாய் ஓடும் தையல் எம்மை மயக்கிவிட்டது. இயந்திரத்தின் பற்களைக் கீழிறக்கிவிட்டு, துணியைக் கையாலே விரும்பிய திசையெல்லாம் நகர்த்தித் தைக்கும் முறை அது. எமக்குக் கோலம் போடத் தெரியும். இருபத்தொரு புள்ளிச் சிக்குக் கோலத்தை இடையிற் கையெடுக்காது இழுத்து முடிப்போம். துணியில் ஒரு கொடி வரைவது என்ன பெரிய வித்தை என்று எண்ணி, மறுநாட் காலையிலேயே மருதமுனைச் சேலைகளுள் நீலக்கரை போட்டதை விரித்து, படைகளை அடுக்கி, பொறியின் முன் அமர்ந்தோம்.

கைப்பழக்கத்தைப் பற்றி ஔவையார் பாடிய வெண்பாவை ஆண்டுதோறும் வகுப்பிலே பதவுரை பொழிப்புரையோடு விளக்குபவர்கள் நாம் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

ஒரு மணிநேரத்துள் நூல் ஏழு முறை அறுந்தது. ஊசி ஒன்று முறிந்தது. மேற்பக்கத்திலே தையல் ஓரிடத்தில் எறும்புச் சாரிபோல் நெருங்கியும், அடுத்த இடத்தில் விரற்கடை அளவுக்குத் தாவியும் கிடந்தது. திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் முழுவதும் நூற்சிக்கல், குருவிக் கூட்டைக் கவிழ்த்து வைத்தாற்போல. அதனைப் பிரித்தெடுக்க முனைந்தபோது, பழஞ்சேலையாதலின், முந்தானைப் பக்கம் ஒரு சாண் அளவு கிழிந்தது. கிழிந்த ஓசை இன்னமும் காதில் நிற்கிறது. அன்னையாரின் ஆறு சேலைகள் ஐந்தாயின.

எமது வீட்டுக்கு வடபுறத்து வேலிக்கு அப்பால் மருதமுனை தொடங்கிவிடும். அங்கே தையலே தொழிலாகக் கொண்ட ஒரு ராத்தா இருக்கிறார். பிள்ளைகளின் சட்டை, பெண்களின் அபாயா, கலியாண வீட்டுத் தலையணை உறை எல்லாம் அவரிடமே தைக்கக் கொடுப்பர். இயந்திரத்திலே பூத்தையல் போடுவதில் அவருக்கு அப்பகுதியிலே நல்ல பெயர். கிழிந்த சேலையை மடித்து எடுத்துக்கொண்டு அவரிடம் சென்றோம். அவர் அதனை விரித்தார்; திருப்பினார்; அடிப்பக்கத்து நூற்சிக்கலை நகத்தாற் கிளறினார். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்த் தேநீர் கொண்டுவந்தார். பிறகுதான் பேசினார்.

"டீச்சர், பிள்ளைகள் முதல்ல எழுதிப் பழகுறது கொப்பியிலயா, சோதினைப் பேப்பர்லயா?"

எமக்கு வாய் அடைத்துவிட்டது.

"சாறியக் கொண்டு போய் அலுமாரியில வைங்க. கார்த்திகை வரைக்கும் தொடப்படாது. மறுகா பாப்பம்" என்றார். நெசவு வீடுகளிலே சாரம் அறுத்துத் தைக்கும்போது விழும் துண்டுகளை ஒரு பையில் அள்ளிக் கொடுத்தார். மருதமுனையிலே தறிகள் முன்போல் மலிந்திருக்கவில்லையெனினும் துண்டுத் துணிக்கு இன்றும் பஞ்சமில்லை. அவற்றை ஒரு சாண் சதுரமாக வெட்டி, இரண்டுக்கு நடுவே பழைய துவாயை வைத்து, சுற்றிவரப் பெருந்தையல் போட்டுப் பத்துச் சதுரம் ஆயத்தம் செய்துகொண்டு மறுநாள் மாலை வரச்சொன்னார். நூல் மட்டும் துணிக்கு நேர்மாறான நிறத்தில் இருக்கவேண்டுமாம். சிவப்புத் துணிக்கு வெள்ளை நூல். பிழையெல்லாம் பளிச்சென்று கண்ணிற் படவேண்டும் அல்லவா? சேலையிலே தைக்கும்போதுதான் நிறத்தோடு நிறம் ஒத்த நூல், பிழையை மறைப்பதற்கு.

முதற் பாடம் இயந்திரத்திலே நடைபெறவில்லை. ஒரு பென்சிலை நிமிர்த்தி மேசைமேல் அசையாது பிடித்துக்கொண்டார். அதன் நுனியின் கீழ்த் தாளை வைத்து, தாளை மட்டும் நகர்த்தி எமது பெயரை எழுதச் சொன்னார். வாசகர்கள் இதனை ஒருமுறை செய்து பார்த்தல் நன்று. வீட்டிலே யாரேனும் பென்சிலைப் பிடித்தாற் போதும். இருபது ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதிய கை, தன் பெயரின் முதலெழுத்தை எழுதத் தெரியாமல் தடுமாறியது. வலப்பக்கம் வளையவேண்டிய கோட்டுக்குத் தாளை இடப்பக்கம் தள்ளவேண்டும். மேலே ஏறவேண்டிய கோட்டுக்குத் தாளைக் கீழே இழுக்கவேண்டும். எழுதுகோல் நிற்க ஏடு நடக்கும் எழுத்து இது.

கோலம் போடத் தெரியும் என்ற எமது இறுமாப்பு எங்கே சறுக்கியது என்பது அப்போதுதான் விளங்கிற்று. விசயதசமியன்று ஏடு தொடக்கும்போது குழந்தையின் விரலைப் பிடித்துப் பச்சையரிசியில் எழுதுவிக்கிறோம். ராத்தாவின் காலத்தில் ஓதப்பள்ளியிலே மரப்பலகையில் அறபு எழுத்தை எழுதி, அதன்மேலே எழுதிப் பழகினார்களாம். மருதாணிக் கோலமும் அவ்வாறே. எல்லாவற்றிலும் பரப்பு நிற்க, விரல் நடக்கிறது. நாற்பது ஆண்டு பழகிய அந்த விரல் இங்கே துணை செய்யாது. சிற்சில வேளைகளில் இடையூறுஞ் செய்யும். கோலம் அறியாத சிறுமியர் இதனை எம்மிலும் விரைவாகப் பற்றிக்கொள்வதை ராத்தாவின் வீட்டிலேயே கண்டோம். ஆயினும் கோலம் முற்றிலும் வீணன்று. அடுத்த வளைவு எங்கே போகவேண்டும், எந்த இடைவெளி இன்னும் நிரம்பவில்லை என்பதைக் கண் முன்கூட்டியே அறிந்துகொள்கிறதே, அது கோலம் தந்த கல்வி. ஆகையால் ஒவ்வொரு நாளும் பொறியில் அமருமுன் ஒரு தாள் முழுவதும் பென்சிலாலேயே அலைகோடு வரையுமாறு பணித்தார். கோடு தன்னைத்தான் வெட்டலாகாது, மூலையிற் சிக்கிக்கொள்ளவுமாகாது. ஆசிரியர் கூட்டம் நீளும் நாட்களிலே நிகழ்ச்சிநிரலின் பின்புறத்தில் அப்பயிற்சி தடையின்றி நடைபெற்றது.

இனி இயந்திரத்தின் இயல்பைச் சற்று விளக்குவோம். சாதாரணத் தையலிலே ஊசி மேலெழும்பும் ஒவ்வொரு தடவையும், அடியிலுள்ள பற்கள் எழுந்து துணியைக் கவ்வி, ஒரு தையல் அளவுக்கு நகர்த்தி, கீழிறங்கித் தம் பழைய இடத்துக்கு மீளும். 1854-ஆம் ஆண்டில் அலன் வில்சன் என்னும் அமெரிக்கர் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. எலியாஸ் ஹோவும் ஐசக் சிங்கரும் பெற்ற புகழை இவர் பெறவில்லையெனினும், இன்று எந்தத் தையற்காரரும் துணியைக் குறித்துக் கவலையின்றி நேர்கோடு தைப்பது இவருடைய புண்ணியமே. அந்தப் பற்களை இறக்கிவிட்டால் தையலின் நீளத்தை அளந்து கொடுப்பார் எவருமில்லை. அந்தப் பொறுப்பு முழுவதும் கைக்கும் காலுக்கும் வந்து சேர்கிறது.

எமது பொறியிலே மிதிபலகை ஒருமுறை போய் வந்தால் ஊசி நான்கு முறை இறங்குகிறது. நாம் எண்ணிப் பார்த்தோம். கணக்கைக் கேளுங்கள். விநாடிக்கு ஒருமுறை மிதித்து, விநாடிக்கு அரை அங்குலம் துணியை நகர்த்தினால், அங்குலத்துக்கு எட்டுத் தையல் விழும், பார்வைக்கு அழகானது. அதே மிதியிலே கை ஓர் அங்குலம் ஓடிவிட்டால் அங்குலத்துக்கு நான்குதான். குழந்தையின் விரல் மாட்டி இழுக்கும் நெடுந்தையல். வளைவிலே எங்கே திரும்புவது என்று கை ஒரு விநாடி யோசித்து நின்றுவிட்டாலோ, நான்கு தையலும் ஒரே துளையில் இறங்கி முடிச்சாகும். எமது முதல் நாளைய எறும்புச் சாரிக்கும் தாவலுக்கும் காரணம் இதுவே. கை பிழைத்தது என்று எண்ணியிருந்தோம். உண்மையில், கை தயங்கிய போதெல்லாம் காலும் பயந்து வேகங்கொண்டது. கால் ஒரே சீராக ஓடவேண்டும். கை அதன் தாளத்துக்கு நடக்கவேண்டும். முதல் ஐந்து நாட்களும் ராத்தா எமக்கு நூலே கோக்கவில்லை. வெறும் ஊசியோடு, தாளின்மேல், கால் மட்டும் சீராக மிதிக்கப் பழகினோம். தாளில் விழுந்த துளைகளின் இடைவெளியைச் சன்னலுக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். "இங்க பயந்திட்டீங்க, இங்க மறுபடி பயந்திட்டீங்க" என்று விரல் வைத்துக் காட்டுவார். இத்தனை ஆண்டுகளில் எத்தனை கட்டுரைகள் திருத்தியிருப்போம்! ஒரு மாணவி எந்த வரியிலே பயந்தாள் என்று ஒருநாளாவது பார்த்ததுண்டா?

குருவிக் கூட்டின் இரகசியத்தையும் சொல்லிவிடுகிறோம். இதனால் எத்தனையோ பேர் முதல் நாளிலேயே பொறியை மூடி வைத்திருப்பர். துணியை அமுக்கிப் பிடிக்கும் பாதத்தைக் கழற்றிவிட்டோ, அல்லது ஊசியோடு ஏறி இறங்கும் சிறு வளையப் பாதத்தைப் பூட்டியோ இவ்வேலையைச் செய்வர். பாதம் துணியை அமுக்கவில்லையாதலின், அதனை இறக்கும் பின்புறத்து நெம்பைக் கீழே தள்ள மறந்துவிடுவது எளிது. அந்த நெம்பு உயர்ந்திருக்கும்வரை மேல்நூலை இறுக்கும் தட்டுகள் திறந்தே கிடக்கும். நூல் கட்டுக்கடங்காது இறங்கி அடியிலே சுருண்டு திரளும். குற்றம் மேலே, தோற்றம் கீழே. நாம் பொபினை மூன்று முறை கழற்றி மாட்டியதும், திருகைத் திருகியதும் வீண் பிரயாசை. பாதம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நெம்பை இறக்கவேண்டும். மற்றது, தொடங்கும்போது அடிநூலை மேலே இழுத்தெடுத்து, இரு நூல்களையும் விரலாற் பிடித்துக்கொண்டு இரண்டு மூன்று தையல் போட்ட பின்பே விடவேண்டும். ஊசி முறிந்ததற்குக் காரணம், ஊசி துணிக்குள் இருக்கையில் துணியை வெடுக்கென்று இழுத்தது. வளைந்த ஊசி துளையில் இறங்காமல் இரும்புத் தகட்டிலே போய் மோதும்.

பற்களை இறக்குவதற்குச் சில பொறிகளிலே தனித் திருகு உண்டு. அஃதில்லாத பழம்பொறிகளிற் பற்களின்மேலே தகடு ஒன்றை மூடிவிடுவர். எமது அன்னையாரின் பொறி இரண்டாம் வகை. அந்தத் தகடு இழுப்பறையிலே ஊசிப்பெட்டியோடு கிடந்தது. இதுகாறும் அது எதற்கென்று நாம் அறிந்திலோம். அன்னையார் அறிந்திருந்தாரோ? கேட்க முடியாத கேள்விகளில் இதுவும் ஒன்றாயிற்று.

"இது வெளிநாட்டுப் புதுசெண்டு நினைக்காதிங்க டீச்சர், பூத்தையல் போடுறதும் இதுதான்" என்று ராத்தா சொன்னது முற்றிலும் சரியே. சிங்கர் கொம்பனி 1877-இலேயே கொழும்பில் வியாபாரம் தொடங்கிவிட்டது. 1911-ஆம் ஆண்டில் அக்கொம்பனி இயந்திரப் பூத்தையலுக்கென்றே பாடம் பாடமாக வகுத்த நூலொன்றை அமெரிக்காவில் வெளியிட்டது. அக்காலத்து வீட்டுப் பொறியிலே நேர்த்தையல் தவிர வேறெதுவும் இல்லை. பற்களை மறைத்து, வட்டச் சட்டத்திலே துணியை இறுக்கி, கையால் நகர்த்தியே பூவும் இலையும் சரிகையும் அமைத்தனர். சட்டத்தை நீக்கி, ஒற்றைத் துணிக்குப் பதில் மூன்று படையை வைத்தால் ஒட்டுப்போர்வை. வித்தை ஒன்றே.

வேடிக்கை என்னவென்றால், ஒட்டுப்போர்வையைப் போற்றி வளர்த்த அமெரிக்காவிலேயே, இயந்திரத்தால் இவ்வாறு தைப்பதை நெடுங்காலம் கலையென்று ஏற்கவில்லை. கையால் தைத்ததே உயர்வு, பொறியால் தைத்தது சோம்பேறியின் வேலை என்பது பலருடைய அபிப்பிராயமாக இருந்தது. ஹரியற் ஹார்கிறேவ் என்னும் அம்மையார் 1987-இல் இயந்திரத் தையலின் நுணுக்கங்களை விளக்கி நூல் எழுதினார். 1989-இல் கென்றக்கி மாநிலத்துப் பதூக்கா நகரின் பெருங்கண்காட்சியிலே, கரில் பிறையர் ஃபாலேர்ட் என்பார் இயந்திரத்தால் தைத்த சூரிய கிரகண விரிப்புத் தலைப்பரிசைப் பெற்றது. அங்கே இயந்திரத் தையலுக்கு அப்பரிசு கிடைத்தது அதுவே முதன்முறை. சிலர் ஆத்திரங்கொண்டனர். சோம்பேறியின் வேலை என்று கூறியவர்கள் ஒரு மாலைப்பொழுதாவது பொறியில் அமர்ந்து பார்த்திருப்பார்களோ என்பது எமது ஐயம்.

புரட்டாதி சென்றது. ஒவ்வொரு நாளும் கால்மணி நேரம். அதற்குமேல் ராத்தா விடுவதில்லை. தோள் இறுகியதும் தையல் கெட்டுவிடும் என்பார். இறுகுகிறதா என்பதை நாம் அறியோம். பின்னால் நின்று எமது தோளில் இரு விரலை வைத்து அவரே அறிவார். ஒவ்வொரு சதுரத்தின் மூலையிலும் திகதியைப் பேனாவால் எழுதி ஒரு பிஸ்கட் தகரத்திலே போட்டுவைத்தோம். மூன்றாவது வாரத்துச் சதுரங்கள் இரண்டாவது வாரத்தவற்றைவிடக் கேவலமாயிருந்தன. அன்று கைவிட்டுவிட எண்ணினோம். பின்பு காரணம் தெரிந்தது. அவ்வாரத்திலேதான் நேர் அலையை விட்டுச் சுருளுக்கு மாறியிருந்தோம். அத்துடன் ஊசியையே உற்றுப் பார்த்துக்கொண்டு தைத்தோம். ஊசி ஏற்கெனவே போன இடத்தைப் பார்த்து என்ன பயன்? அது போகவேண்டிய இடம் அரை அங்குலத்துக்கு அப்பால் இருக்கிறது. கண்ணை அங்கே வைத்ததும் கோடு தானாக உருண்டது. சைக்கிள் ஓட்டப் பழகியோர் இதனை உடனே விளங்கிக்கொள்வர்.

பாடசாலையிலே ஒரு நண்பர், கணித பாட ஆசிரியர், எமது தகரத்தைத் திறந்து பார்த்துவிட்டு, "இவ்வளவு துணியையும் நூலையும் கெடுத்ததுக்கு ஒரு விரிப்பு வாங்கியிருக்கலாமே" என்று நகைத்தார். அவர் கணக்கு பிழையன்று. ஆனால் நாம் வேறொன்றை எண்ணிக்கொண்டிருந்தோம். மாணவர் ஒப்படையைத் தரும்போது துப்புரவாக எழுதிய பிரதியை மட்டுமே கேட்கிறோம். அடித்தும் கிறுக்கியும் எழுதிய கொப்பியைக் காட்டினால் முகஞ்சுளிக்கிறோம். மனையியற் பிள்ளைகளின் தையற் கோவையிலும் ஒட்டியிருப்பது நன்றாக வந்த மாதிரி ஒன்றேதான். கெட்டுப்போன பதினைந்து மாதிரிகள் குப்பைக்குப் போய்விட்டன. அடுத்த ஆண்டு வரும் பிள்ளை அந்தக் கோவையைப் பார்த்து, முதற் தடவையிலேயே இவ்வாறு வரும்போலும் என்று நம்பி, வராதபோது தனக்குக் கைராசி இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறாள்.

ஐப்பசியில் ஒருநாள் மாரி மழை பிடித்துக்கொண்டது. திரும்பி வர வழியின்றி ராத்தாவின் வீட்டிலேயே இருந்தோம். மின்சாரம் நின்றுவிட்டது; மிதிபொறிக்கு அதனால் குறையொன்றுமில்லை. 2022-இல் நாளொன்றுக்குப் பத்து மணித்தியாலத்துக்கு மேலும் இருளில் இருந்த நாட்களில், மோட்டார் பூட்டாத பொறி இருந்ததால் தம் அடுப்பு எரிந்தது என்று பேச்சைத் தொடங்கினார். பேச்சு மெல்ல 2004-க்குப் போயிற்று. அப்போது அவர் வீடு கடலுக்கு அண்மையில் இருந்தது. மார்கழி 26-ஆந் திகதிக் காலை மருதமுனைக் கரையைக் கடல் எவ்வாறு அழித்ததென்பதை இப்பகுதியார்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. அவர் இழந்தவற்றை இங்கே நாம் எழுதப்போவதுமில்லை. வீட்டிலிருந்த பொருள்களுள் அவர் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது, திருமணச் சீராக வந்த தையற்பொறி ஒன்றை மட்டுமே.

சில மாதங்களின் பின் நிவாரணமாகப் புதிய பொறியொன்று கிடைத்தது. "மெசினத்தான் கடல் கொண்டு போச்சு, கை எங்கிட்டதானே இரிக்கி எண்டு நினைச்சன் டீச்சர். புது மெசின்ல இருந்து பாத்தா, கைக்கு ஒண்டும் தெரியல்ல" என்றார். பழைய பொறியின் பாரமும் மிதியின் கதியும் அவர் உடம்பிலே பதிந்திருந்தன. இருபது ஆண்டு பூத்தையல் போட்டவர், முகாமிலே கிடைத்த கோதுமைமாச் சாக்குகளைத் தோய்த்து வெட்டி, அவற்றில் மீண்டும் அலைகோட்டிலிருந்து தொடங்கினாராம். ஒருவருக்கும் சொல்லவில்லை. தையற்காரி தைக்கப் பழகுகிறாள் என்று தெரிந்தால் யார் துணி கொடுப்பர்? ஆறு வாரம் சென்ற பின்பே முதல் வேலையை ஏற்றிருக்கிறார். அது ஒரு தொழுகை விரிப்பு. முசல்லா என்பர். அதனை அவர் விற்கவில்லை. அன்று மழைக்குள்ளே எடுத்துக் காட்டினார். இரு படைத் துணி, நடுவே பழைய போர்வை; உயிருள்ளவற்றின் உருவம் எதுவுமின்றி, ஒரே கொடி மூலையிற் தொடங்கி, வளைந்து நிரம்பி, நெற்றி படும் இடத்துக்குச் சற்று முன்பாக நின்றிருந்தது. அந்த இடத்தை ஏன் வெறுமனே விட்டிருக்கிறீர்கள் என்று கேட்டோம். "தைச்ச தையல் நெத்தியில குத்தும்தானே" என்றார்.

கார்த்திகை விளக்கீட்டுக்கு மறுநாள் அலுமாரியைத் திறக்க அனுமதி கிடைத்தது. ஐந்து சேலைகளிலிருந்தும் கண்டங்கள் வெட்டி, இணைத்து, மூன்று படையையும் நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் தடவி ஊசிகள் குத்தினோம். தையலையும் நடுவிலேயே தொடங்கவேண்டும். விளிம்பிற் தொடங்கினால் துணி உள்ளே திரண்டு மடிப்பு விழும். அன்று கை நடுங்கியது. ராத்தா ஒரு பயிற்சிச் சதுரத்தை முதலிலே நீட்டினார். அதிலே ஐந்து நிமிடம் தைத்து, கால் சீரானதும், சதுரத்தை எடுத்துவிட்டு அதே மூச்சில் விரிப்பை நுழைத்தோம். எந்த நாளும் அவ்வாறே செய்தோம். பதினேழு மாலைகளில் முடிந்தது. நீலக்கரைக் கண்டத்துக்குப் பக்கத்திலே ஓரிடத்திற் சுருள் முட்டிக்கொண்டு ஒரு முடிச்சு விழுந்திருக்கிறது. பிரித்தால் சேலை தாங்காது என்பதால் விட்டுவிட்டோம். தங்கை படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து முதலிலே கண்டுபிடித்தது அதனைத்தான்.

கிழிந்த சேலை மட்டும் எஞ்சியிருந்தது. நல்ல பகுதியிலே ஒரு கண்டம் விரிப்புக்குப் போயிற்று. மிச்சம் நான்கு முழம். அதனை என்ன செய்வதென்று தெரியாமல் மடித்து வைத்திருந்தோம். தைப்பொங்கலுக்குப் புக்கை கொண்டுபோனபோது ராத்தாவே கேட்டார்: "டீச்சர், அந்தக் கிழிஞ்ச சாறியத் தருவீங்களா? பழகுற புள்ளைகளுக்குச் சதுரம் வெட்ட நல்ல துணி அது." அவரிடம் இப்பொழுது மூன்று பிள்ளைகள் பழகுகின்றனர். உடனே விடை சொல்ல எமக்கு நா எழவில்லை. வீட்டுக்கு வந்து, சேலையை ஒருமுறை முகத்தில் ஒற்றி, இரண்டு நாள் கழித்துக் கொடுத்தோம்.

சென்ற வெள்ளிக்கிழமை அங்கே போனபோது ஒரு சிறுமி நீலக்கரைத் துண்டிலே மஞ்சள் நூலால் அலைகோடு தைத்துக்கொண்டிருந்தாள். அடிப்பக்கம் முழுவதும் குருவிக் கூடு. நெம்பை இறக்கவில்லை.